குடைக்கும் பூட்டுக்கும் ஒரே குரல்

அந்தத் தொகுதியில் யாரும் வருஷத்தைச் சொல்லிப் பழகியதில்லை. மகள் எப்போது பிறந்தாள் என்று கேட்டால், டாக்டர் இரண்டாம் தடவை ஜெயித்தபோது என்பார்கள். மாடி எப்போது எடுத்தீர்கள் என்றால், இடைத்தேர்தலுக்கு முன்னால் என்பார்கள். வேறு ஊர்க்காரர் யாராவது கேட்டால் தலையைச் சொறிய வேண்டியதுதான். ஆனால் கடைத்தெருவில் மைக் அக்கா என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். நாடாளுமன்றத்துக்கு அந்தத் தொகுதி யார் யாரை அனுப்பியது, யார் யாரை அனுப்பாமல் வீட்டிலேயே உட்காரவைத்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முக்கால்வாசி அவர் தொண்டை வழியாகவே போன கதை அது.

கல்யாணமாகி அவர் வந்து சேர்ந்த வீடு, மைக் செட் வாடகைக்கு விடும் கடையின் மேல்மாடி. கீழே கூம்பு கூம்பாக ஒலிபெருக்கிகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்கியிருக்கும். சுவர் முழுக்க ஒயர் சுருள்கள். ஆம்பிளிஃபயரைக் கடைக்காரர் கைக்குழந்தையைப் போலக் கம்பளியில் சுற்றி வைத்திருப்பார். ஊருக்கே சத்தத்தை வாடகைக்கு விடுகிற மனுஷன், வீட்டில் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அது பெரிய விஷயம். புதுப்பெண்ணாக வந்தவர் முதல் மாதம் தன்மேல் ஏதோ கோபம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அவன் அப்பனும் இப்படித்தான், பழகிப்போயிடும் என்று மாமியார்தான் சொல்லித் தேற்றினார்.

டாக்டர் இரண்டாம் முறை நின்ற தேர்தல் அது. தொகுதியின் முதல் எம்.பி.யே அவர்தான். சின்னம் குடை. பாதிப் பேருக்கு அவர் காய்ச்சல் பார்த்திருந்தார், மீதிப் பேருக்குப் பிரசவம் பார்த்திருந்தார். எதிர்த்து நின்றவர் நூல் மில் முதலாளி, சின்னம் பூட்டு. குடைக்காரர்களுக்கு அறிவிப்புச் செய்ய, சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் ஒருவரை அமர்த்தியிருந்தார்கள். வெண்கலக் குரல். முந்தின நாள் முழுக்க மழையில் நனைந்ததில் அந்த வெண்கலம் உடைந்துபோயிற்று. வண்டி வாசலில் நிற்கிறது, கட்சிக்காரர்கள் கடைக்காரரைப் பிய்த்து எடுக்கிறார்கள். அவர் மாடியேறி வந்து சமையலறை நிலைப்படியில் நின்றார்.

"நீ படிக்கிறியா?"

மைக் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இடுப்பில் கைக்குழந்தை வேறு. மாமியார் என்ன சொல்வாரோ என்று திரும்பிப் பார்த்தார். மாமியார் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்.

"இவள நான் பாத்துக்கறேன், நீ போ. மைக்க மட்டும் கொஞ்சம் எட்டி வச்சுப் பேசு. அந்த டிக்கெட்காரன் அதக் கடிச்சுத் தின்னுற மாதிரியே பேசுவான்."

முதல் தெருவில் வேட்பாளர் பேர் மறந்துபோயிற்று. வாயில் வந்ததெல்லாம் குடை, குடை, குடை. ஒரு வீட்டிலிருந்து ஒரு அம்மாள் கம்பி ஒடிந்த குடையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, ரிப்பேர் பண்ண எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். வண்டியில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அவருக்கும் பயம் விட்டுப்போயிற்று. இரண்டாவது தெருவில் பேர் வந்துவிட்டது. மூன்றாவது தெருவில் குரலும் வந்துவிட்டது. அந்தக் குரல் அப்படி ஒன்றும் பெரியதல்ல; ஆனால் தெளிவானது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுச் சேதி சொல்கிற மாதிரி இருக்கும். வேலையைப் போட்டுவிட்டு என்ன என்று எட்டிப் பார்க்கத் தோன்றும்.

வீட்டுப் பெண் வீதியில் கத்துவதா என்று அக்கம்பக்கத்தில் மூக்கில் விரலை வைத்தார்கள். ஒருத்தி வீடு தேடி வந்தே கேட்டாளாம். அதற்கு மாமியார், மருமகள்கள் எல்லாம் வீட்டுக்குள்ளே கத்துகிறார்கள், என் மருமகள் வெளியில் போய்க் கத்திவிட்டு வருகிறாள், எனக்கு லாபம்தானே என்றாராம். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு பதிலுக்காகவே மாமியாரைக் கடைசிவரை தலைமேல் வைத்துக் கொண்டாடினார் மைக் அக்கா. அப்படிச் சொன்னது அவர் காதில் விழுந்தது மாமியாருக்குத் தெரியவே தெரியாது.

இரண்டே நாளில் பூட்டுக்காரர்களும் வந்து நின்றார்கள். அந்தக் குரல்தான் வேண்டும் என்றார்கள். குடைக்காரர்கள் முறைத்தார்கள். கடைக்காரர் இரு தரப்பையும் உட்காரவைத்து, அதிசயமாக ஒரு முழு வாக்கியம் பேசினார். குரல்தான் வாடகைக்கு, ஓட்டு இல்லை. அன்றிலிருந்து காலையில் குடை, சாயங்காலம் பூட்டு. மத்தியானம் அவர் சாப்பிடுகிற நேரத்தில் வண்டியின் தட்டிகளை மாற்றிக் கட்டிவிடுவார்கள். ஒரு நாள் அசதியில், குடை வண்டியில் உட்கார்ந்துகொண்டு பூட்டுக்கு வாக்களியுங்கள் என்று சொல்லிவிட்டார். கட்சிக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. முன்சீட்டில் இருந்த டாக்டர் திரும்பிப் பார்த்து, பரவாயில்லையம்மா, என் வீட்டுக் கதவுக்கும் ஒன்று தேவைப்படுகிறது என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்.

டாக்டர் ஜெயித்தார். ஆனால் பதவிக்காலம் முடியும்வரை இருக்கவில்லை. தலைநகரில் ஒரு காலை நேரத்தில் மாரடைப்பு. இடைத்தேர்தல் வந்தது. டாக்டர் இல்லாத குடை ஓட்டைக்குடை என்று எதிர்த்தரப்பு எழுதிக் கொடுத்ததை மைக் அக்கா படிக்க மறுத்துவிட்டார். வேறு எதையாவது எழுதுங்கள், படிக்கிறேன் என்றார். அவர்களும் மாற்றி எழுதினார்கள். மில் முதலாளி ஜெயித்தார். அதற்குப் பிறகு தொகுதிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவர் மாதிரி, தேர்தலுக்குத் தேர்தல் அவரே ஜெயித்தார்.

ஒவ்வொரு தடவையும் அவரை ஜெயிக்கவைத்தது, பாலம் கட்டித் தருகிறேன் என்ற வாக்குறுதி. தொகுதியை இரண்டாகப் பிளந்துகொண்டு ஆறு ஓடியது. அக்கரையில் இருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதானாலும் பள்ளிக்கூடத்துக்கு வருவதானாலும் படகுதான். பிரச்சார வண்டியும் அக்கரை போக முடியாது. அதனால் படகிலேயே ஒலிபெருக்கியைக் கட்டி, ஆற்றின் நடுவில் நின்று இரண்டு கரைக்கும் சேர்த்துப் பேசினார் மைக் அக்கா. அக்கரையில் துணி துவைக்கிற பெண்கள் கைகளை வாயருகே குவித்துப் பதில் சொல்வார்கள். போன தடவையும் இதையேதான் சொன்னீங்க என்று கேட்கும். சொல்லியது பூட்டு, வாங்கிக் கட்டிக்கொள்வது அக்கா. அவர் மைக்கை அணைத்துவிட்டு, எனக்கும் தெரியுது என்று வெறும் வாயால் கத்துவார். கரையில் சிரிப்பு எழும்.

கடைசியில் பாலத்தைக் கொண்டுவந்தது குடைதான். மில் முதலாளியை மண்ணைக் கவ்வவைத்தவர் ஒரு கணக்கு வாத்தியார். தலைநகரில் போய் அதிகாரிகளின் கண்ணில் விரலை விட்டு ஆட்டினார். பாலம் எழுந்தது. திறந்த அன்று மைக் அக்காவின் மாமியார் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து போய், அங்கே யாரோ கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பி நடந்து வந்தார். அங்கே உங்களுக்கு யாரைத் தெரியும் என்று கேட்டதற்கு, இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன் என்றார்.

அடுத்த தேர்தலுக்கு முன்னால் தொகுதி எல்லைகளைத் திருத்தி வரைந்தார்கள். அக்கரை முழுக்கப் பக்கத்துத் தொகுதிக்குப் போயிற்று. பாலத்துக்காக வாத்தியாரைத் தலையில் தூக்கிவைத்து ஆடிய அத்தனை பேராலும் அவருக்கு ஓட்டுப் போட முடியாமல் போயிற்று. வாத்தியார் தோற்றார். பூட்டுச் சின்னத்தில் மில் முதலாளியின் மகன் வந்தார். வாத்தியார் அலட்டிக்கொள்ளவில்லை. தினமும் மாலையில் பாலத்தில் காலாற நடந்தார். கணக்குப் பாடத்தில் இதைத்தான் மீதி என்பார்கள் என்று சிரித்தார்.

அந்தத் தேர்தலில் மூன்றாவதாகவும் ஒருத்தி நின்றிருந்தாள். ஆயத்த ஆடைக் கம்பெனியில் தைக்கிறவள். கைக்குழந்தையோடு வேலைக்கு வருகிறவர்களுக்குக் குழந்தையை விட ஒரு இடம் வேண்டும் என்று கம்பெனி வாசலில் உட்கார்ந்து, வேலையும் போய், பிடிவாதத்தோடு வேட்புமனு போட்டவள். சுயேச்சை. சின்னம் தையல் மெஷின். அவளுக்கும் மைக் அக்காதான் பேசினார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அரை மணியைத் திருடி அவளுக்குக் கொடுத்தார்.

டெபாசிட் போயிற்று. முடிவு வந்த மறுநாள் காலை அவள் கடைக்கு வந்து வண்டி வேண்டும் என்றாள். ஏதோ சாமான் ஏற்றத்தான் என்று நினைத்துக் கடைக்காரர் தலையை ஆட்டினார். ஒலிபெருக்கியும் வேண்டும் என்றாள்.

"எதுக்கும்மா?" என்றார் மைக் அக்கா.

"நன்றி சொல்ல."

"ஜெயிச்சவங்கதானே நன்றி சொல்லப் போவாங்க?"

"எனக்கு ஓட்டுப் போட்டவங்க போட்டுட்டாங்களே அக்கா. நான் தோத்தேன்னா அவங்க போட்டது இல்லைன்னு ஆயிடுமா?"

மைக் அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டார். வண்டி கிளம்பியபிறகுதான் சங்கடம் தெரிந்தது. இத்தனை தேர்தலில் அவர் சொல்லிப் பழகியதெல்லாம் அமோக வெற்றி பெறச் செய்த வாக்காளப் பெருமக்கள். தோற்றவருக்காக என்ன சொல்வது? மைக்கை எடுத்து, வாயில் வந்ததைச் சொன்னார்.

"தையல் மெஷினுக்கு ஓட்டுப் போட்ட உங்களுக்கு நன்றி. நீங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல, அது போதும்."

இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தலையசைத்தார். ஒரு பெண் ஈரக்கையோடு வாசலுக்கு வந்து நின்றாள். மாடியிலிருந்து ஒரு கிழவர் கையை மட்டும் தூக்கிக் காட்டினார். அந்தத் தெருக்களில் தையல் மெஷினுக்கு விழுந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய ஓட்டுகள். வாசலுக்கு வந்து நின்றவர்கள் அதைவிட அதிகம். போடாததற்கு வருத்தப்படுகிறவர்களும் வந்திருக்கிறார்கள் என்று தையல்காரி மெல்லச் சொன்னாள். சந்து திரும்பும்போது ஜெயித்தவரின் ஊர்வலம் எதிரே வந்துவிட்டது. ஒரு வண்டிதான் போக முடியும். பூட்டுக்காரர்கள் ஒதுங்கு ஒதுங்கு என்று குதித்தார்கள். மில் முதலாளியின் மகன் என்ன சேதி என்று விசாரித்தார். சேதி தெரிந்ததும் தன் டிரைவரின் தோளைத் தட்டிப் பின்னால் எடுக்கச் சொன்னார். முழு ஊர்வலமும் மேளத்தை நிறுத்திவிட்டுப் பின்னால் நகர்ந்தது. மைக் அக்கா அந்தக் குடும்பத்துக்கு எத்தனையோ முறை பேசியிருக்கிறார். மனதாரப் பேசியது அன்றுதான். மைக்கில் இல்லை, ஜன்னல் வழியாக. "நல்லாயிருப்பீங்க தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு அவள் நின்றாள், தோற்றாள், நன்றி சொன்னாள். மறுபடி நின்றாள், தோற்றாள், நன்றி சொன்னாள். ஓட்டு மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. தோற்றவர்களும் நன்றி சொல்லப் போவது மெல்ல அந்தத் தொகுதியின் பழக்கமாகவே ஆயிற்று. முதலில் குடைக்காரர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு போனார்கள், அடுத்த முறை பூட்டுக்காரர்கள் போனார்கள்.

மைக் அக்காவின் குரல் உடைய ஆரம்பித்தது மாமியார் காலமான பிறகு. முதலில் சளி என்றார்கள், பிறகு தூசி என்றார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் ஒரு கட்டி என்றார்கள். கெட்ட கட்டி இல்லை, ஆனால் எடுத்தே ஆகவேண்டும். எடுத்தபிறகு சில வாரம் ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது. அதற்கப்புறம் பேச்சு வரும், மைக் வேலை வராது. அந்தப் பெண் டாக்டர் சின்ன வயதுக்காரி. சொல்லிவிட்டு மருந்துச் சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மைக் அக்கா அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். அடுத்த மாதம் தேர்தல்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது வார்டு வராந்தாவின் பெஞ்சில் குடைக்கட்சிச் செயலாளரும் பூட்டுக்கட்சிச் செயலாளரும் உட்கார்ந்திருந்தார்கள். பாலத் தேர்தலில் சட்டையைப் பிடித்துக்கொண்டதிலிருந்து இருவரும் முகம் பார்த்துப் பேசியதில்லை. நடுவில் ஒரு ஆள் உட்காரலாம், அவ்வளவு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் இரண்டு பைகள். இரண்டிலும் ஆரஞ்சுப் பழம்.

கடைக்காரர் அந்த நாட்களில் ஆளே மாறிப்போனார். வீட்டில் இத்தனை காலம் பேசியவர் பேசக்கூடாது என்றானதும், யாராவது பேசித்தானே ஆகவேண்டும் என்று அவர் ஆரம்பித்தார். யார் வந்தார்கள், எந்த ஒயர் அறுந்தது, பஸ்ஸில் என்ன சண்டை என்று தலையணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார். உள்ளுக்குள் இவ்வளவு வைத்திருந்தாரா இந்த மனுஷன் என்று மைக் அக்காவுக்கு ஆச்சரியம். பதில் சொல்ல முடியாததால் முழுக்கக் கேட்டார். கட்டி வந்ததும் ஒரு விதத்தில் நல்லதுக்குத்தான் என்றுகூடத் தோன்றியது.

வீட்டுக்கு வந்தபின்தான் ஒரு விஷயம் உறைத்தது. பிரச்சாரம் அனல் பறக்கிற நேரம், ஆனால் தெருவில் சத்தமே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தார். குடை வண்டி முனையில் திரும்பியதும் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, பூனை மாதிரி தெருவைக் கடந்து, அந்தப் பக்கம் போய்த்தான் மறுபடி போட்டது. பூட்டு வண்டியும் அப்படியே. அவர் ஓய்வுக்கு இடைஞ்சல் கூடாது என்று இரண்டு செயலாளரும் அந்தப் பெஞ்சிலேயே பேசி முடிவெடுத்திருந்தார்கள். பேசாதிருந்த இருவரும் பேசிய முதல் பேச்சு அது.

அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. ஆனால் அந்த அமைதி நாளுக்கு நாள் அவரை அறுத்தது. தான் இல்லாமல் போய்விட்டால் தெரு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே காட்டுகிற மாதிரி இருந்தது. ஒரு நாள் மாலை, பேச்சுக்குப் பதில் எழுதிக் காட்ட வைத்திருந்த பலகையில் பெரிதாக எழுதி, கணவரிடம் கொடுத்து, வண்டிகளுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். எங்க தெருவுல மட்டும் தேர்தல் இல்லையா?

மறுநாள் காலையில் குடையும் பூட்டும் தையல் மெஷினும் ஒரே நேரத்தில் தெருவுக்குள் நுழைந்து அலறின. எது யாருடைய பேச்சு என்று ஒரு மண்ணும் புரியவில்லை. மைக் அக்கா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். அடுத்த வீட்டில் பக்கவாதத்தில் படுத்திருந்தவரின் மனைவி காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்ததையும் பார்த்தார். அந்த அம்மாளுக்கு அந்த அமைதி எவ்வளவு உதவியிருக்கும் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. உடனே பலகையில் இன்னொன்று எழுதினார். கொஞ்சம் குறைச்சு வைங்க.

வாக்குப்பதிவு நாளன்று பேச அனுமதி கிடைத்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பள்ளிக்கூட அறையில் வரிசை நகர்ந்தது. வெளியூரிலிருந்து வந்த அதிகாரி தலையைக் குனிந்தபடியே பேரைக் கேட்டார். அவர் சொன்னார். உமியைக் கையில் அள்ளித் தேய்த்தது போல ஒரு சத்தம் வந்தது.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி.

பூட்டுக்கட்சி ஏஜெண்ட் முதலில் சிரித்தார், அடுத்து குடைக்கட்சி ஏஜெண்ட், அப்புறம் வரிசை முழுக்க. தான் என்ன தப்பாகக் கேட்டோம் என்று அதிகாரி விழித்தார். மைக் அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, மறுபடி சொன்னார். அதற்குள் வரிசையில் பாதிப்பேர் அவர் பேரை அதிகாரிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும், கடைக்காரர் கேட்டதில்லை.

அந்தத் தேர்தலில் தையல்காரி ஜெயித்தாள். அக்காவுக்குக் குரல் போன அனுதாபம் என்று சிலர் கதை கட்டினார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை, குடைக்கட்சி இரண்டாகக் கிழிந்து ஆளுக்குப் பாதியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அதுதான் காரணம் என்று அவரே சொல்வார். தைக்கத் தெரிந்தவள் ஜெயித்தாள் என்றும் சேர்த்துக்கொள்வார். குழந்தைகளை விட்டுவிட்டு வேலை செய்ய ஆடைக் கம்பெனிகள் வரிசையில் ஒரு காப்பகம் வந்தது. ஜன்னல் பெரிது, சுவரெல்லாம் பச்சை. அடுத்த முறை அவளும் தோற்றாள். தொகுதி அப்படித்தான், யாரையும் நிரந்தரமாக மடியில் வைத்துக்கொள்வதில்லை.

இப்போது கடையை மகள் பார்க்கிறாள். எந்தக் கம்பத்தில் எந்தத் திசைக்கு ஒலிபெருக்கி கட்டுவது என்பதை மட்டும் மைக் அக்கா விட்டுக்கொடுப்பதில்லை. தேர்தல் வந்தால் தெருத்தெருவாக நடந்து, இங்கே பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, இங்கே படுத்த படுக்கை, இந்த வீட்டில் இப்போதுதான் பிரசவம் என்று விசாரித்து, கூம்புகளைத் திருப்பி வைக்கிறார். எல்லாக் கட்சிக்காரர்களும் கேட்கிறார்கள். அவர் குரல் இப்போது கரகரப்பு, பக்கத்தில் வந்தால்தான் கேட்கும். அதனால் எல்லோரும் பக்கத்தில் வருகிறார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் முன்னாள் எம்.பி.யின் தையல் கடைக்குப் போயிருந்தார். கூம்புகளுக்கு மழை படாமல் உறை தைக்க வேண்டியிருந்தது. அவள் அளவெடுத்து, கத்தரித்து, மெஷினில் உட்கார்ந்தாள். பேசிக்கொண்டே தைத்ததில் ஒரு உறை கோணலாகிவிட்டது. பிரிக்கிறேன் என்றாள். வேண்டாம், கம்பத்து உச்சியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்றார் மைக் அக்கா. வெளியே மழை வலுத்தது. இருவரும் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, அடுத்த உறைக்குத் துணியை விரித்தார்கள்.